எனாமல் பேணியை மூடி வையுங்கள்

(வன்னிப் பாடசாலைகளில் சித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பழுதான கோவில் சுரூபங்களைத் திருத்திக் கொடுப்பவர். வாசகர்களுக்கு அவர் ‘ரீச்சர்’. பீடம், சுரூபம், கோவில் படங்கள் பற்றி வந்த கடிதங்களுக்கு இம்முறை அவர் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: எங்கள் கோவிலில் மரத்தால் செய்த பழைய மாதா சுரூபம் ஒன்று இருக்கிறது. முகம் கறுத்துப்போய்விட்டது. உடுப்பின் நீலம் செதில் செதிலாகக் கழருகிறது. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் காசு அனுப்பியிருக்கிறார். நல்ல எனாமல் வாங்கிப் பூசலாம் என்கிறார்கள் சிலர். இதை எடுத்துவிட்டு ஆறடியில் ஃபைபர் சுரூபம் வைக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். பெருநாள் கிட்டுகிறது. என்ன செய்யலாம்?
— பங்குச்சபை உறுப்பினர், முழங்காவில்

பதில்: முதலில் அந்த எனாமல் பேணியை மூடி வையுங்கள். கோவில் யன்னலுக்கு உதவும். மரச் சுரூபத்தில் எனாமல் பூசியிருப்பதைக் கண்டால் எனக்குப் பூசையில் மனம் நிற்பதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை.

பழைய மரச் சுரூபத்தின் உள்ளே மரம். மரத்தின் மேல் பிசினும் சுண்ணத்தூளும் குழைத்துப் பூசிய வெள்ளைப் படை. அதன் மேல் நிறம். நிறத்தின் மேல் மினுக்கெண்ணெய். மாரியில் மரம் ஊதும், ஆவணி வெக்கையில் சுருங்கும். மேலே இருக்கிற படைகளும் அதனோடு கொஞ்சம் அசைந்து கொடுக்கும், அசைய முடியாத இடத்தில் வெடிக்கும். உங்கள் நீலம் கழருவது அதனால்தான். எனாமல் அசையவே அசையாது. உள்ளே பிடித்த ஈரத்தை வெளியே விடாது. சில பெருநாள் கழிய அது கழரும்போது தனியே கழராமல் பழைய நிறத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழும். அதற்குப் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய ஏலாது.

அதைவிடப் பெரிய பிரச்சினை முகம். கண்ணிமை, உதட்டோரம், நாடியின் கீழ் மடிப்பு, எல்லாவற்றையும் எனாமல் நிரவிவிடும். பிறகு பெயின்ற் அடிக்கிற தம்பி தன் கைக்கு வந்தபடி புருவம் கீறுவார். மாதா ஏதோ கேட்டுத் திடுக்கிட்டவர் மாதிரி நின்றுகொண்டிருப்பார். வன்னியில் இப்படித் திடுக்கிட்ட மாதாக்கள் நிறைய.

முகம் கறுத்ததற்குக் காரணம் மெழுகுதிரிப் புகை, தூபப் புகை, காலம் போகப் போகப் பழுப்பாகிற அந்த மினுக்கெண்ணெய். பொதுவாக இவை மூன்றும்தான். இன்னொரு காரணமும் இருக்கலாம்: யாராவது ஒரு பக்தியுள்ள அம்மா மினுக்கம் வரட்டும் என்று தேங்காய் எண்ணெய் தேய்த்திருப்பார். எண்ணெயில் தூசி ஒட்டும், தூசியில் புகை ஒட்டும். நல்ல மனதால் நடந்த சேதம்தான் நான் அதிகம் கண்டது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாலு பக்கமும் படம் எடுங்கள். நிறம் உறுதியாக நிற்கிற இடத்தில் மட்டும், காய்ந்த மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழே தூசி தட்டுங்கள். செதில் விழுந்தால் கூட்டித் தள்ளாமல் ஒரு கடித உறையில் போட்டு, எந்த இடத்தில் விழுந்தது என்று எழுதி வையுங்கள். தண்ணீர், தேசிக்காய், மண்ணெண்ணெய், சவர்க்காரம் ஒன்றும் வேண்டாம். சுரூபத்தின் அடிப்பக்கத்தை விரலால் தட்டிப் பாருங்கள். சத்தம் வெறுமையாகக் கேட்டால் கறையான் உள்ளே குடித்தனம் நடத்துகிறது. அப்படியானால் முதல் வேலை அதுதான், நிறம் பிறகு.

அதோடு, இது பங்குச்சபை மட்டும் தீர்மானிக்கிற விசயம் அல்ல. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 1189-ஆம் சட்டம் இருக்கிறது. பழமையால், கலைநயத்தால் அல்லது மக்களின் பக்தியால் சிறப்புப் பெற்ற ஒரு சுரூபம் கோவிலில் இருந்தால், ஆயரின் எழுத்து மூலமான அனுமதியில்லாமல் அதைத் திருத்தக் கூடாது. அனுமதி கொடுக்குமுன் அவரும் விசயம் தெரிந்தவர்களைக் கேட்க வேண்டும். உங்கள் இடம் யாழ்ப்பாண மறைமாவட்டம். பங்குத்தந்தையூடாக ஒரு கடிதம் எழுதுங்கள். பெருநாளுக்கு முன் பதில் வராவிட்டால், இந்தப் பெருநாளுக்கும் கறுத்த முகத்தோடேயே மாதா வெளியே வரட்டும். சனம் அவரை அடையாளம் காணும்.

கரையோரக் கோவில் ஒன்றில் இப்படி ஒரு சிறு மாதாவைத் திருத்தத் தந்தார்கள். கையின் முழங்கைப் பக்கம் ஏற்கெனவே ஒரு துண்டு உடைந்திருந்தது. அந்த உடைந்த விளிம்பில் பார்த்தால் நீலத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே சிவப்பு, சிவப்பில் மயிர்த் தூரிகையால் வரைந்த பொன்நிறப் பூ. கோவில் மூப்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரோச் அடித்து ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். கடைசியில் வந்த ஒரு ஆச்சி சொன்னா: “எங்கட அம்மா ‘சிவப்புச் சீலை மாதா’ எண்டுதான் சொல்லுறவ. மனிசிக்கு அறளை பேந்துபோச்சு எண்டு நாங்கள் சிரிக்கிறனாங்கள்.” மேலே இருந்த நீலத்தை நான் சுரண்டவில்லை. அதுவும் யாரோ நேர்த்தி வைத்துப் பூசியதாக இருக்கும். உடைந்த இடத்தை அடைத்து, மேலும் கழராமல் பிடிக்கச் செய்து கொடுத்தேன், அவ்வளவுதான்.

ஆறடி ஃபைபரைப் பற்றி: உங்கள் கோவிலின் கூட்டுக்குள் அது நிற்காது. நிற்க வைக்கக் கூட்டை உடைப்பீர்கள். காசு அனுப்பியவரிடம் கூரையைத் திருத்தக் கேளுங்கள். ஒழுக்குத்தான் சுரூபத்தின் முதல் எதிரி. ஓட்டில் பெயர் பொறிக்க ஏலாது என்பதால் அவருக்குக் கொஞ்சம் மனக்கஷ்டம் இருக்கும். பொறுத்துக்கொள்வார்.

கேள்வி: பழைய மரச் சுரூபத்துக்கு நல்ல விலை தருவதாக ஒருவர் வந்து கேட்கிறார். அந்தக் காசில் கோவிலுக்கு மதில் கட்டலாமே?
— பெயர் வேண்டாம், மாங்குளம்

பதில்: ஏலாது. மக்கள் மிகுந்த பக்தியோடு வணங்கும் சுரூபத்தைத் திருத்தந்தையின் அனுமதியில்லாமல் கைமாற்றினால் அந்தக் கைமாற்றமே செல்லாது. இது 1190-ஆம் சட்டம். வந்தவரின் வாகன இலக்கத்தைக் குறித்து வையுங்கள். இரவில் கோவில் கதவுக்கு நல்ல பூட்டுப் போடுங்கள்.

கேள்வி: என் அம்மா சிறுமியாக இருந்தபோது பீடம் சுவரோடு, படி படியாக, ஆறு பெரிய மெழுகுதிரித் தண்டுகளோடு இருந்ததாம். சுவாமி (குருவானவர்) முதுகைக் காட்டிக்கொண்டு பூசை வைப்பாராம். வத்திக்கான் சொன்னதால் அதை உடைத்துவிட்டார்கள் என்கிறா. உண்மையா?
— இறம்பைக்குளம், வவுனியா

பதில்: பாதி உண்மை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாடு பற்றிய ஏடு 1963 டிசெம்பர் 4-இல் வந்தது. அதில் பழைய பீடத்தை உடை என்று ஒரு வரி கிடையாது. அடுத்த வருசம் செப்டெம்பரில் வந்த அறிவுறுத்தலில், முதன்மைப் பீடம் சுவரிலிருந்து விலகி, சுற்றி வரக்கூடியதாகவும் மக்களைப் பார்த்துப் பூசை வைக்கக்கூடியதாகவும் இருப்பது நல்லது என்று இருந்தது. பல இடங்களில் பழையதைப் பின்னணியாக விட்டு, முன்னால் புதுப் பீடம் வைத்தார்கள். வேறு சில இடங்களில் வேகம் கூடிவிட்டது. பீடம் அடுப்படிக் கல்லானது, மெழுகுதிரித் தண்டு கொல்லன் கைக்குப் போனது. சங்கம் சொன்னதை ஒருவரும் முழுதாக வாசிக்கவில்லை. அதே ஏடு, கோவிலின் அருங்கலைப் பொருள்கள் விற்கப்படாமலும் அழியாமலும் ஆயர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது.

அம்மாவுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். சுவாமி முதுகு காட்டவில்லை. சனமும் சுவாமியும் ஒரே பக்கம் பார்த்து நின்றார்கள்.

இப்போது எங்கள் பகுதியில் இந்தச் சண்டைக்கே இடம் குறைவு. எத்தனையோ கோவில்கள் யுத்தத்துக்குப் பிறகு அத்திவாரத்திலிருந்து கட்டியவை. புதுக் கோவில் கட்டும்போது ஒரே ஒரு பீடம்தான் இருப்பது விரும்பத்தக்கது என்பது இப்போதைய ஒழுங்கு: ஒரு கிறிஸ்து, ஒரு பலி, அதனால் ஒரு பீடம். மாதாவுக்கும் அந்தோனியாருக்கும் ஆளுக்கொரு பக்கப் பீடம் வேண்டும் என்று கேட்கிறார்களே, அவர்களுக்குப் பீடம் தேவையில்லை. நல்ல மாடம் ஒன்று போதும். பீடத்தை அபிஷேகம் செய்யும்போது ஆயர் கிறிஸ்மா எண்ணெயை அதன் நடுவிலும் நாலு மூலையிலும் ஊற்றுகிறார். பூசை தொடங்கும்போது சுவாமி குனிந்து பீடத்தை முத்தி செய்கிறார். எந்தச் சுரூபத்துக்கும் பூசையில் அந்த மரியாதை இல்லை. ஆனால் கோவிலுக்குள் வந்ததும் எங்கள் சனம் நேரே அந்தோனியாரிடம் போகிறது, பீடத்தைத் தாண்டி. பூச்சாடியையும் ஒலிவாங்கி வயரையும் சுவாமியின் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் அதன் மேல் வைத்தால் சனம் வேறென்ன நினைக்கும்? பூவைப் பீடத்தின் மேல் வைக்காமல் சுற்றி வைக்கச் சொல்லித்தான் பூசைப் புத்தகமும் சொல்கிறது.

கேள்வி: தவக்காலத்தில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுகிறார்களே, அது எப்போது தொடங்க வேண்டும்?
— செட்டிகுளம்

பதில்: தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு தொட்டு. சிலுவை பெரிய வெள்ளி வழிபாடு முடியும் வரை, மற்றவை பாஸ்கு இரவுப் பூசை, அதாவது உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவுப் பூசை, தொடங்கும் வரை. மூடியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை, மறைமாவட்ட வழக்கத்தைப் பாருங்கள். துணியைக் குண்டூசியால் சுரூபத்தில் குத்தாமல் இருந்தால் எனக்கு வேலை குறையும்.

கேள்வி: நான் சைவக்காரி. ஆனால் மடு மாதா கோவிலுக்கு வருசம் தவறாமல் போவோம். எங்கள் கோவிலில் விக்கிரகத்துக்கு அபிஷேகம் செய்து, சாத்துப்படி செய்து, நைவேத்தியம் வைக்கிறோம். நீங்கள் சுரூபத்துக்கு மாலை போடுகிறீர்கள், பட்டு உடுத்துகிறீர்கள், தேரில் ஏற்றுகிறீர்கள். ஆனால் அபிஷேகம் மட்டும் இல்லை. ஏன்? இதையே எங்கள் பக்கத்து வீட்டுச் சபைக்காரப் பிள்ளை (சுரூபம் வைக்காத கிறிஸ்தவ சபை) விக்கிரக ஆராதனை என்று சொல்லிச் சண்டைக்கு வருகிறாளே?
— ஒட்டுசுட்டான்

பதில்: முதல் கேள்விக்கு வேலைக்காரியின் பதில்: எங்கள் சுரூபங்களில் பெரும்பகுதி பிளாஸ்டர் ஒவ் பாரிஸ். ஒரு குடம் பால் ஊற்றினால் அடுத்த பெருநாளுக்குச் சுரூபம் இராது. பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சும். உள்ளே பலத்துக்கு வைத்த இரும்புக் கம்பி கறள் பிடித்து ஊதும். முதலில் விரல்கள் வெடித்து விழும். விரல் இல்லாத சூசையப்பர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். காரணம் அதுதான்.

உண்மையான பதில் வேறு. உங்களுக்குக் கும்பாபிஷேகத்தில் விக்கிரகத்தில் இறைவனை எழுந்தருளச் செய்கிறார்கள். அதனால் குளிப்பாட்டுகிறீர்கள், உணவு படைக்கிறீர்கள், பள்ளியறைக்குக் கொண்டுபோகிறீர்கள். எங்களுக்குச் சுரூபத்தைச் சுவாமி மந்திரிக்கிறார், அவ்வளவுதான். மந்திரித்ததால் மாதா அதற்குள் வந்து இருப்பதில்லை. 787-இல் நீசேயாவில் கூடிய சங்கம், படத்துக்குக் கொடுக்கும் வணக்கம் அந்தப் படம் காட்டுகிற ஆளையே சேர்கிறது என்று தீர்த்தது. 1563 டிசெம்பரில் திரெந்து சங்கம் அதையே திருப்பிச் சொல்லி, சுரூபத்தில் ஒரு தெய்வத் தன்மையோ ஆற்றலோ இருப்பதாக நம்பக் கூடாது என்றும் சேர்த்தது. நாங்கள் ஆண்டவர் உண்மையாக இருக்கிறார் என்று நம்புவது, பூசையில் அர்ச்சித்த அப்பத்தை வைக்கிற நற்கருணைப் பேழையில். முழந்தாளிடுவது அதற்கு. பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருப்பதும் அதற்காகத்தான்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு: ‘உருவம் செய்யாதே’ என்று யாத்திராகமம் 20-இல் இருப்பது உண்மை. அதே புத்தகம் 25-ஆம் அதிகாரத்தில், பேழையின் மேல் பொன்னால் இரண்டு கெருபீன்களைச் செய் என்றும் சொல்கிறது. எண்ணாகமத்தில் மோசே வெண்கலப் பாம்பு செய்து உயர்த்துகிறார். நான் இத்துடன் நிறுத்தினால் நேர்மையில்லை. பின்னாளில் சனம் அந்தப் பாம்புக்குத் தூபம் காட்டத் தொடங்கியதால் எசேக்கியா அரசன் அதை உடைத்தெறிந்தான் என்று இராஜாக்கள் புத்தகத்தில் இருக்கிறது. ஆகவே அந்தப் பிள்ளை சொல்வதிலும் எங்களுக்கு ஒரு எச்சரிக்கை இருக்கிறது. ஒரு கோவிலின் அந்தோனியாருக்குச் சக்தி கூட, அடுத்த கோவில் அந்தோனியாருக்குக் குறைவு என்று கதைக்கிறோமே, எசேக்கியா கேட்டால் சுத்தியலோடு வருவான்.

கேள்வி: மடு மாதாவின் சுரூபம் ஏன் இவ்வளவு சிறியது? நேரில் பார்த்ததும் பிள்ளைகள் “இவ்வளவுதானா” என்று கேட்டுவிட்டார்கள்.
— விசுவமடு

பதில்: சிறியதாக இருந்ததால்தான் இன்றைக்கும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1658-இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயர் கையிலிருந்து ஒல்லாந்தர் கைக்குப் போயின. கத்தோலிக்கப் பூசைக்குத் தடை வந்தது, குருக்கள் துரத்தப்பட்டார்கள். மாந்தையில் இருந்த மாதா சுரூபத்தை 1670-இல் இருபது குடும்பங்கள் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனதாக மடுவின் வரலாறு சொல்கிறது. அவர்கள் நின்ற இடம் மருதமடு. யாழ்ப்பாணப் பக்கமிருந்தும் சனம் வன்னிக்காட்டுக்குள் வந்து சேர்ந்தது. இப்போதைய கோவிலுக்கு 1872-இல் அத்திவாரம் போட்டவர் ஆயர் பொஞ்ஜோன். 1924 யூலை 2-இல் திருத்தந்தையின் பிரதிநிதி சுரூபத்துக்கு முடி சூட்டினார்.

பிறகு 2008 ஏப்ரலில் சண்டை மடுவைச் சுற்றி வந்தபோது, சுவாமிமார் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். ஆகஸ்டில் திரும்ப மடுவுக்கு வந்தது. 2015 ஜனவரி 14-இல் திருத்தந்தை பிரான்சிஸ் மடுவுக்கு வந்து அதற்கு முன்னால் நின்றார். அதே நாள் காலையில்தான் கொழும்பில் யோசேவாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்தியிருந்தார். ஒல்லாந்தர் காலத்தில் கோவாவிலிருந்து ஒளித்து வந்து, இந்தச் சனத்துக்குப் பூசை வைத்தவர் அவர்.

மாந்தையில் ஒன்பது அடிக் கற்சிலை இருந்திருந்தால் 1670-இல் யார் தூக்கியிருப்பார்கள்? வன்னியில் பழைய சுரூபங்கள் என்று என் கைக்கு வந்தவை அநேகம் ஒரு ஆள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்கக்கூடிய அளவுதான். பெரியவை நின்ற இடத்தில் நின்று செல்லடியில் போயின. கோவிலுக்குச் சுரூபம் வாங்கப்போகிற பங்குச்சபைகள் ஒரு கிழவியைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவ தூக்கிப் பார்த்து “ஓம்” என்றால் வாங்குங்கள். இதைப் பகிடி என்று நினைக்கிறவர்கள் இடம்பெயராதவர்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்ல: மடுவில் சுரூபத்தைவிட அதிகம் வீட்டுக்குப் போவது மண். பாம்புக்கடிக்கு மடு மண் என்று ஒரு முடிச்சு எங்கள் வீட்டுச் சாமி அறையிலும் இருந்தது. பாம்பு கடித்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மண் பிறகு.

கேள்வி: எங்கள் பங்கில் சிலுவைப்பாதைப் படங்கள் இல்லை. பதினாலு தலத்தையும் நான் வரைந்து தருகிறேன் என்று பாதரிடம் சொல்லிவிட்டேன். எல்லோரையும் எங்கள் ஊர் ஆட்களாக வரையலாமா? படைவீரர்களை இந்தக் காலத்து உடுப்பில் வரைந்தால் என்ன?
— சித்திரம் பயிலும் மாணவன், கிளிநொச்சி

பதில்: தம்பி, முதலில் உனக்குச் சந்தோசமான செய்தி. சிலுவைப்பாதைக்குப் படமே கட்டாயமில்லை. தேவையானது பதினாலு மரச் சிலுவைகள். அவற்றைத்தான் மந்திரித்து நிறுவுகிறார்கள். எண்ணிக்கையைப் பதினாலு என்று உறுதி செய்து, எல்லாக் கோவில்களிலும் வைக்கலாம் என்று விட்டவர் பன்னிரண்டாம் கிளெமெந்து, 1731-இல். ஆகவே உன் படம் சரிவராவிட்டாலும் பெரிய வெள்ளி நடக்கும். அந்தத் தைரியத்தோடு வரை. ஆனால் ஒவ்வொரு படத்துக்கு மேலேயும் சிலுவை இருக்கட்டும். தச்சரிடம் இப்போதே சொல்லி வை.

ஊர் ஆட்களாக வரையலாம். ஐரோப்பியர் தங்கள் ஊர்ச் சந்தையையும் தங்கள் ஊர்த் தொப்பியையும் வரைந்ததைத்தான் நாங்கள் இவ்வளவு நாளும் எருசலேம் என்று பார்த்தோம். யேசுவின் பாடுகளை நடிக்கிற எங்கள் பாஸ் மேடையில் பிலாத்து கூத்து ராசாவின் உடுப்போடு வந்தபோது ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. மரங்களைப் பாலையும் வீரையுமாக வரை. குருத்துக்குப் பனையோலை. சிலுவைக்கு என்ன மரம் என்று யாரும் கேட்டால் நீ முதிரை என்று சொல்லலாம். தூக்கிப் பார்த்தவர்களுக்கு விளங்கும்.

படைவீரர்கள் விசயத்தில் என் சொல்லைக் கேள். இந்தக் காலத்து உடுப்பு வேண்டாம், எந்தப் பக்கத்து உடுப்பும் வேண்டாம். பயத்துக்குச் சொல்லவில்லை. அப்படி வரைந்தால் சனம் படத்தில் அந்த உடுப்பை மட்டும்தான் பார்க்கும், விழுந்து கிடக்கிறவரைப் பார்க்காது. கோவிலுக்கு வருகிறவர்களில் எல்லா வகையான ஆட்களையும் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ரோமரை ரோமராகவே விடு.

உன் பலத்தை நாலாம், எட்டாம், பதின்மூன்றாம் தலங்களில் வை. மகனை வழியில் சந்திக்கிற தாய், அழுகிற பெண்கள், இறக்கிய உடலை மடியில் வாங்குகிற தாய். அந்தப் பெண்களுக்கு எங்கள் பெண்களின் நிற்கிற விதத்தைக் கொடு. ஒரு கை இடுப்பில், மற்றக் கையில் சீலைத் தலைப்பு வாயோடு. மாதிரிக்கு யாரையும் இருத்தாதே. யாருடைய முகத்தையும் அப்படியே எடுக்காதே. முகம் எடுத்தால் அந்த வீட்டுக்காரர் அடுத்த வெள்ளி முதல் அந்தத் தலத்தைத் தாண்டி நடக்க முடியாமல் நிற்பார்கள்.

எண்ணெய் நிறம் வாங்கக் காசு இல்லாவிட்டால் அக்ரிலிக் போதும். கடதாசியில் வேண்டாம், பலகையில் வரை. பலகையின் பின்பக்கத்தையும் பூசு, இல்லாவிட்டால் மாரியில் வளையும். சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டுத் தொங்கவிடு.

கேள்வி: புனிதர்களை எப்படி அடையாளம் காண்பது? எங்கள் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் தாடி வைத்த எல்லோரையும் சூசையப்பர் என்கிறார்கள்.
— மறைக்கல்வி ஆசிரியை, முல்லைத்தீவு

பதில்: முகத்தைப் பார்க்க வேண்டாம், கையைப் பார்க்கச் சொல்லுங்கள். திறப்பு என்றால் இராயப்பர் (பேதுரு). வாள் என்றால் சின்னப்பர் (பவுல்). லீலி மலர் பூத்த கோல் என்றால் சூசையப்பர். அதே லீலி, புத்தகம், குழந்தை, இடுப்பில் முடிச்சுப் போட்ட கயிறு என்றால் அந்தோனியார். அவருக்குத் தாடி இருக்காது. 1231-இல் இறந்தவர். ஆரம்பப் படங்களில் அவரிடம் புத்தகம்தான், குழந்தை பிற்காலத்தில் வந்து ஏறிக்கொண்டது. தட்டில் இரண்டு கண் வைத்திருப்பவர் லூசியா. பிள்ளைகளுக்கு அவரை மிகவும் பிடிக்கும். தொடையில் புண், பக்கத்தில் நாய் என்றால் றோக்கு. ரோசாப் பூக்களுக்குள் சிலுவையை அணைத்திருப்பவர் குழந்தை யேசுவின் தெரேசம்மாள்.

செபஸ்தியார் அம்பால் இறக்கவில்லை என்பதைச் சொல்லுங்கள், கண் விரிப்பார்கள். அம்பு தைத்தவரை இறந்தார் என்று விட்டுப் போனார்கள். இரேனே என்ற விதவை எடுத்துப் பராமரித்துப் பிழைக்க வைத்தாள். எழும்பிப் போய் மன்னனைத் திரும்பவும் கேள்வி கேட்டார். இரண்டாம் முறை தடியால் அடித்துக் கொன்றார்கள். பழங்காலத்தில் கொள்ளை நோயை வானத்திலிருந்து விழும் அம்பு என்று நினைத்தார்கள். அம்பைத் தாங்கியவர் நோய்க்குக் காவலானார்.

சகாயமாதா படத்தில் குழந்தையின் காலைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு செருப்புக் கழன்று தொங்கும். இரண்டு சம்மனசுகள் சிலுவையையும் ஈட்டியையும் கடற்பஞ்சையும் கொண்டுவந்து காட்ட, பயந்து தாயிடம் ஓடிவந்த குழந்தை அது. அந்தச் செருப்புக்காகவே நான் அந்தப் படத்தை வகுப்பில் வைத்துப் பல தடவை படிப்பித்தேன், சைவப் பிள்ளைகளுக்கும்.

கேள்வி: காணி துப்புரவாக்கும்போது மண்ணுக்குள் ஒரு சுரூபத்தின் தலையும் ஒரு கையும் கிடைத்தன. எந்தக் கோவிலுடையது என்று தெரியவில்லை. வீட்டில் வைத்திருக்கப் பயமாக இருக்கிறது. எறியவும் மனமில்லை.
— புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, பயப்பட ஒன்றுமில்லை. பிளாஸ்டரும் நிறமும்தான். ஆனால் எறிய மனமில்லை என்றது சரியான மனம்.

வழக்கம் இது: மந்திரித்த பொருள் திருத்த முடியாமல் உடைந்தால் குப்பையில் போடுவதில்லை. எரிக்கலாம், அல்லது கால் படாத இடத்தில் புதைக்கலாம். கோவில் வளவில் ஒரு மூலை இருந்தால் பங்குத்தந்தையிடம் கேட்டுப் புதையுங்கள். அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பக்கத்துப் பங்குகளில் பூசைக்குப் பிறகு அறிவிக்கச் சொல்லுங்கள். அந்த முகத்தை அடையாளம் காண்கிறவர்கள் இருக்கக்கூடும். எனக்கு இப்படி ஒரு தலையைக் கொண்டுவந்து, புது உடம்பு செய்து பொருத்தித் தரச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். சின்னக் கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்வித்து, தலையை அப்படியே வைத்து, கோவில் வாசல் பக்கம் வைக்கச் சொன்னேன். வெடிப்பையும் அடைக்கவில்லை. அந்தப் பங்கில் சிலருக்கு இன்னும் என்னில் கோபம்: “பாக்கேலாமல் கிடக்கு ரீச்சர்.” பார்க்க ஏலாமல் இருப்பதைப் பார்க்க வைப்பதற்குப் பெரிய வெள்ளி என்று ஒரு நாளே இருக்கிறது என்று சொன்னேன். கோபம் தணியவில்லை.

கழுவாதீர்கள். மண்ணைக் காய விட்டுத் தூரிகையால் தட்டுங்கள்.

கேள்வி: பெரிய வெள்ளியில் ஆசந்தியில் (பாடையில்) வைக்கும் யேசு சுரூபத்தின் தோள் மூட்டு இறுகிவிட்டது. சிலுவையிலிருந்து இறக்கும்போது கை மடங்கவில்லை. கிறீஸ் போடலாமா?
— கோவில் மூப்பர், கரையோரப் பங்கு

பதில்: ஐயா, கிறீஸ் வேண்டவே வேண்டாம். அந்தத் தோள் மூட்டை மறைக்கத் தோல் அல்லது துணி ஒட்டியிருக்கும். அதில் நிறம் பூசியிருக்கும். கிறீஸ் ஊறினால் தோல் மெதுமெதுத்துக் கிழியும், நிறம் கறுக்கும். இறுகியது மூட்டு அல்ல என்று நினைக்கிறேன். தோலின் மேல் யாரோ பின்னாளில் தடிப்பாகப் பெயின்ற் பூசியிருப்பார்கள், அது காய்ந்து இறுகியிருக்கும். பலவந்தப்படுத்தி மடக்கினால் முறியும். இந்த முறை கையை மடக்காமல் வெள்ளைத் துணியால் மூடி ஆசந்தியில் வளர்த்துங்கள். பெருநாட்கள் கழிந்ததும் கொண்டுவாருங்கள். வரும்போது வைக்கோல் மேல் படுக்கவைத்து, லான்ட்மாஸ்ரரில் மெல்ல.

கேள்வி: பேழை விளக்குக்குச் சிவப்பு மின்குமிழ் போட்டிருக்கிறோம். மின்சாரம் நின்றால் அணைந்துவிடுகிறது. பரவாயில்லையா?
— பாண்டியன்குளம்

பதில்: எண்ணெய் அல்லது மெழுகு விளக்கு என்றுதான் ஒழுங்கு. தேங்காய் எண்ணெய் விலை எனக்கும் தெரியும். வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பாருங்கள். அதோடு, மாதாவின் தலையைச் சுற்றி ஓடுகிற அந்தக் கலர் லைட்டையும் கழற்றினால் மின்கட்டணம் குறையும்.

கேள்வி: சூசையப்பரின் கைக்கும் குழந்தைக்கும் நடுவில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. சிறுவர்கள் தண்ணீர் அடித்து விழுத்தப் பார்க்கிறார்கள்.
— ஒரு சிஸ்டர், வவுனியா வடக்கு

பதில்: தண்ணீரை நிறுத்துங்கள் சிஸ்டர். கூட்டு மண் கரைந்து நிறத்தோடு ஊறிவிடும். அந்தக் குளவி கூட்டத்தோடு வந்து கொட்டுகிற வகை அல்ல. முட்டையிட்டு, புழுவுக்குச் சிலந்தியை அடைத்து வைத்துவிட்டுத் தன்பாட்டில் போய்விடும். கூட்டில் ஓட்டை விழுந்திருந்தால் குஞ்சு வெளியேறிவிட்டது என்று அர்த்தம். அதுவரை பொறுங்கள். பிறகு நன்றாகக் காய்ந்த நாளில் மூங்கில் சீவல் ஒன்றின் நுனியை மழுக்கி, மண்ணை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்து எடுங்கள். சுரூபத்தில் ஒட்டிய கடைசிப் படையைச் சுரண்ட வேண்டாம். கீழே ஒரு துணி விரித்துவிடுங்கள், குழந்தையின் விரலும் சேர்ந்து விழுந்தால் தேட வேண்டி வராது.